வராதவரின் பங்கு

1

போன மாதம் சேசு அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தார். சேசு அண்ணன் என் பெரியம்மா மகன். தங்கச்சிமடத்தில் வலைக்கடை வைத்திருக்கிறார். ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு.

"ஏத்தா ஸ்டெல்லா, நம்ம பங்குத் திருவிழாவுக்கு மலர் போடுறோம். வெளிநாட்டுல இருக்கவுக ஆளுக்கு நாலு பக்கம் எழுதித் தரணும்னு சாமியார் சொல்லிட்டாரு. உன் பங்குக்கு நீயும் எழுது. அங்கன எப்படி இருக்கீக, என்ன சாப்பிடுறீக, பனி எம்புட்டு விழுகுது, இதெல்லாம் எழுது. போட்டோவும் ஒண்ணு வேணும், நல்ல கோட்டு போட்டுக்கிட்டு. இரு பங்கு, தங்கச்சிகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்ல!"

கடைசி வாக்கியம் எனக்குச் சொன்னதல்ல. கடையில் வந்து நின்ற அவருடைய கூட்டாளிக்குச் சொன்னது.

சரி, எழுதிவிடுகிறேன். பனி இடுப்பளவு விழுகிறது. சோறுதான் சாப்பிடுகிறோம். நன்றாக இருக்கிறோம். இவ்வளவுதான் வந்தது, அரைப் பக்கம்கூட நிறையவில்லை. மீதி மூன்றரைப் பக்கத்துக்கு என்ன செய்வது என்று அண்ணனின் செய்தியை மறுபடி போட்டுக் கேட்டேன். ஒரே மூச்சில் மூன்று இடத்தில் பங்கு என்கிறார். ஒன்று நம் கோயிலும் அதைச் சேர்ந்த சனங்களும். இன்னொன்று என் தலையில் கட்டிய வேலை. மூன்றாவது அந்தக் கூட்டாளி. கேட்கிற யாருக்கும் ஒரு நொடிகூடக் குழப்பம் வராது. எந்த இடத்தில் யாரிடம் சொல்கிறோம் என்பதை வைத்தே புரிந்துவிடும்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எனக்கு மட்டும் உறைத்தது. அண்ணன் வாயில் வராத நான்காவது பங்கு ஒன்று இருக்கிறது. அதை நான் இங்கே கைப்பழக்கமாகச் செய்யப்போய், பதினான்கு வருடமாகப் பார்த்த வேலை போகப் பார்த்தது. அதையே எழுதிவிடுகிறேன். கமிட்டிக்குப் பிடிக்காவிட்டால் போட்டோவை மட்டும் போட்டுக்கொள்ளட்டும்.

2

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே இரண்டு தமிழ் ஓடுகிறது. என் வீட்டுக்காரர் மன்னார்ப் பக்கம் பிறந்தவர். ஏழு வயதில் படகில் வந்து இறங்கி, மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, இருபத்திரண்டு வயதில் அவருடைய அண்ணன் கூப்பிட்டு இந்த நாட்டுக்கு வந்தவர். நான் நார்வே என்பேன், அவர் நோர்வே என்பார். கல்யாணம் நம் கோயிலில்தான் நடந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் என்னிடம் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நன்றாக இருக்கிறார், கொஞ்சம் வயிறு போட்டிருக்கிறது.

வந்த புதிதில் அவருடைய அண்ணி போனில், "இந்தப் பக்கம் ஒருக்கா ஆறுதலா வாங்கோ" என்றார். எனக்குப் பகீரென்றது. போனை வைத்துவிட்டு இவரிடம், "யாரு தவறிப் போனா? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர்களுக்கு ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல் என்று அர்த்தமாம். அதே போல, "அம்மா என்னைப் பேசிப்போட்டா" என்று இவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், அம்மா திட்டியிருக்கிறார் என்று பொருள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

மகள் ஜெசிக்கு இப்போது பதினாறு முடிந்துவிட்டது. இங்கேயே பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஒரு தாள் கொடுப்பார்கள்: திங்கள், மாலை, படி, அணி என்று வரிசையாகச் சொற்கள் இருக்கும், இடம் நோக்கிப் பொருள் எழுத வேண்டும். படி என்றால் ஏறுகிறதா, வாசிக்கிறதா, அளக்கிறதா? ஜெசி பட்டியலை மனப்பாடம் பண்ணுவாள். பரீட்சையில் வாக்கியத்தைப் பார்க்காமல் பட்டியலில் முதலில் இருப்பதை எழுதிவிட்டு வருவாள். பதின்மூன்று வயதில் ஒரு நாள் பையைத் தூக்கி மூலையில் போட்டாள்.

"எனக்கு ஏலாது அம்மா. ஒரு சொல்லுக்கு இத்தனை அர்த்தம் எண்டா நான் எதைப் பிடிக்கிறது?"

நான் கத்தினேன். இவர், "பிள்ளையை விடுங்கோ" என்றார். விட்டோம். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கைப்பந்து விளையாடப் போனாள். நான் தமிழில் கேட்டால் அவள் நார்வே மொழியில் பதில் சொல்வாள். சாப்பாடு, குளிர், பஸ் இந்த மூன்றுக்குத்தான் வீட்டில் அவள் தமிழ் மிஞ்சியது. எனக்கு அது வயிற்றெரிச்சல்தான். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களிடம், "நல்லாப் பேசுவா, கூச்சப்படுறா" என்று பொய் சொல்லியிருக்கிறேன். இந்த மலரின் வழியாக அந்தப் பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

3

நான் வேலை செய்வது மீன் பதப்படுத்தும் ஆலையில். வடக்கே, கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரில் வேலை என்றால் இந்த ஆலை, முதியோர் இல்லம், பள்ளிக்கூடம், இரண்டு கடை. வேறு எதுவும் கிடையாது. பெல்ட்டில் மீன் துண்டம் வரும், முள்ளையும் கறையையும் வெட்டி எடுத்துவிட்டுத் தள்ளிவிட வேண்டும். காலையிலிருந்து மாலை வரை அதுதான். மீனைத் தேடி இத்தனை தூரம் வர வேண்டுமா என்று அம்மா ஒரு முறை கேட்டார். நியாயமான கேள்வி.

எனக்கு இடது பக்கம் நிற்பவர் பெரிட். அறுபது வயதுப் பெண், தனி ஆள், துணைக்கு ஒரு கிழட்டுப் பூனை. பெல்ட்டின் சத்தத்தில் அதிகம் பேச முடியாது. கத்தி மழுங்கிவிட்டது, பூனைக்கு உடம்பு சரியில்லை, இன்றைக்குக் காற்று மோசம் என்கிற அளவில்தான் எங்கள் பழக்கம். பக்கத்தில் நின்ற பத்து வருடத்தில் அவர் வீட்டுக்குள் நான் போனதில்லை, அவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. இங்கே அது குறை இல்லை. அருகருகே நிற்பதே பெரிய உறவு.

வெள்ளிக்கிழமை வேலை முடியும்போது, வெட்டுக் கோணலாகப் போன துண்டுகளையும் அளவில் சேராத மீனையும் பைகளில் போட்டு வாசல் பக்கம் ஐஸில் வைப்பார்கள். ஆளுக்கு ஒரு பை. சுவரில் எல்லாருடைய பெயரும் அச்சடித்த தாள் தொங்கும். பையை எடுத்துக்கொண்டு உன் பெயருக்கு நேராகக் கையெழுத்துப் போட வேண்டும்.

போன குளிர்காலத்தில் பெரிட் தன் வீட்டு வாசலில் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். இரண்டு மாதம் மருத்துவ விடுப்பு. அந்த வெள்ளிக்கிழமை எல்லாரும் எடுத்துக்கொண்டு போன பிறகு பார்த்தால், ஐஸில் ஒரு பை தனியாக நிற்கிறது. தாளில் பெரிட்டின் கட்டம் காலி.

என் கை தானாகப் போனது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் கட்டத்தில் பெரிட் என்று எழுதினேன். பையை எடுத்தேன். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் முன்னால் இறங்கி, அவர் வீட்டுக் கதவின் பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். மணியை அடிக்கவில்லை. வெளியே இருந்த குளிருக்கு மீன் கெட்டுப்போகாது. கூப்பிட்டுக் கையில் கொடுத்தால் அது நான் கொடுக்கிறது போல ஆகிவிடும். நான் கொடுக்கவில்லை, கொண்டுபோய்ச் சேர்த்தேன். இப்படி ஐந்து வெள்ளிக்கிழமை.

4

ஊரில் இருக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மலரை மதுரை, சென்னையில் இருக்கிறவர்களும் படிப்பார்கள் என்று அண்ணன் சொன்னதால் எழுதுகிறேன்.

எங்கள் அய்யா போன வள்ளத்தில் ஐந்து பேர். கரைக்கு வந்து, விற்கிற மீன் ஏலத்துக்குப் போன பிறகு, வீட்டுக் கறிக்கென்று கொஞ்சம் மீனை ஒதுக்கி மணலில் ஐந்து கூறாகப் போடுவார்கள். எந்தக் கூறு யாருக்கு என்று கூறு போட்டவர் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஓர் அடையாளம் எடுத்து வைப்பார்கள். ஒருவர் சிப்பி, ஒருவர் பீடித்துண்டு, ஒருவர் கயிற்று நூல் என்று கையில் அகப்பட்டது. அதுவரை முதுகைக் காட்டி நின்ற ஒருவர் திரும்பி வந்து, எது யாருடையது என்று தெரியாமல் ஒவ்வொரு கூறின் மேலும் ஒன்றைப் போடுவார். உன் சிப்பி எங்கே விழுந்ததோ அது உன் பங்கு. சின்ன மீன் விழுந்தாலும் வாயைத் திறக்க முடியாது.

நான் ஏழாவது படிக்கும்போது அய்யா வள்ளத்தைத் தள்ளுகிற இடத்தில் சறுக்கி விழுந்து கால் முறிந்து நான்கு மாதம் படுத்துவிட்டார். நான்கு பேர் கடலுக்குப் போனார்கள். மணலில் ஐந்து கூறுதான் விழுந்தது. அய்யாவின் பெயரில், அந்த நான்கு பேரில் ஒருவரான அந்தோணி மாமா ஒரு சிப்பி வைப்பார். "இது யாருக்கு, அவர்தான் வரவில்லையே" என்று ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கூறு போட்டு முடிந்ததும் மாமா அந்த மீனை எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் சட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

அம்மா நன்றி சொன்னதே இல்லை. சண்டைதான் போடுவார்.

"என்னண்ணே, நேத்து நகரை வந்துச்சு, இன்னைக்கு வெறும் காரலா? முள்ளத்தான் திங்கணும்போல."

"உன் சிப்பி விழுந்த எடம் அது. நான் என்ன செய்ய?" என்று மாமா நடந்துகொண்டே சொல்வார்.

அதே நாட்களில் தூரத்துச் சொந்தத்தில் ஒரு அத்தை, நல்ல பெரிய விளைமீன் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். "பாவம், புள்ளைகள வச்சுக்கிட்டு என்ன செய்வே, இத வச்சுக்க" என்றார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார். அத்தை தெருமுனை திரும்பியதும் அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, எங்களுக்குக் காரல் குழம்பு வைத்தார். எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. விளைமீன் என்றால் எனக்கு உயிர். அம்மா எதற்குமே காரணம் சொல்கிற ஆள் இல்லை. கொஞ்ச நாளில் எனக்கே தெரிந்துபோனது.

5

ஆறாவது வாரம் எனக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பட்டியலில் மருத்துவ விடுப்பில் இருக்கும் ஊழியரின் பெயருக்கு நேரே ஐந்து கையெழுத்து இருக்கிறது. எழுத்து உங்களுடையது போலத் தெரிகிறது. எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும். அதன் பிறகு கூட்டம் நடக்கும். தொழிற்சங்கப் பிரதிநிதியை உடன் அழைத்துவர உங்களுக்கு உரிமை உண்டு. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன். உரிமை உண்டு என்று சொல்ல ஆரம்பித்தால் இவர்கள் விஷயத்தைப் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

இந்த நாட்டில் பொய் சொன்னால்கூட மன்னிப்பார்கள். இன்னொருவர் பெயரில் கையெழுத்துப் போட்டால் மன்னிக்க மாட்டார்கள். வேலையை விட்டு அனுப்புவதற்கு அது ஒன்று போதும். அனுப்பிவிட்டால் ஊரை மாற்ற வேண்டும். ஜெசிக்கு இன்னும் இரண்டு வருடப் படிப்பு பாக்கி, இவர் முதியோர் இல்லத்தில் இரவும் பகலுமாக மாறி மாறி வேலை செய்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கி வேறு இடத்தில் நட வேண்டும்.

அதைவிட மோசம், பெரிட்டுக்கும் ஒரு கடிதம் போயிருந்தது. மருத்துவ விடுப்புக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் ஆலைக்கு வந்தீர்களா என்று.

அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

"ஸ்டெல்லா, அந்த மீன் நீயா? ஆலையிலிருந்து அனுப்புகிறார்கள் என்று நினைத்தேன். எல்லாரிடமும் அவர்களைப் புகழ்ந்து பேசினேன்."

நான் ஆமாம் என்றேன்.

"நான் கேட்டேனா? நாற்பது வருடம் வேலை செய்திருக்கிறேன். ஒரு நாள் பொய்யாக விடுப்பு எடுத்ததில்லை. இப்போது நான் வரவில்லை என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது."

நான் நூறு முறை மன்னிப்புக் கேட்டேன். அவர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அன்றைக்கு எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது. நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்திருந்தால்கூட, நல்லது செய்யப்போய் இப்படி ஆயிற்றே என்று புலம்பலாம். நான் அப்படிக்கூட நினைக்கவில்லை. பை தனியாக நின்றது, எடுத்துப் போனேன், அவ்வளவுதான்.

6

என் நார்வே மொழி ஆலை மொழி. கத்தி, மீன், விடுப்பு, வானிலை எல்லாம் சரளமாக வரும். விளக்கக் கடிதம் எழுத அது போதாது. சனிக்கிழமை மத்தியானம் ஜெசியைச் சாப்பாட்டு மேசையில் பிடித்து உட்கார வைத்தேன். அவள் மடிக்கணினியைத் திறந்தாள், நான் எதிரே உட்கார்ந்தேன். இவர் தேத்தண்ணி போட்டார்.

அவள் முதலில் எழுதிக் காட்டிய வாக்கியம்: நோயுற்ற சக ஊழியருக்கு உதவி செய்தேன்.

"உதவி இல்ல புள்ள. உதவின்னா நான் எங்கிட்ட இருக்கறதக் குடுக்கணும். இது அவகளோடது."

அழித்தாள். அன்பளிப்பாகக் கொடுத்தேன் என்று எழுதினாள்.

"அன்பளிப்பும் இல்ல. என் மீனு இல்லங்கிறேன்ல."

"அப்ப அனுதாபம்?"

"அவகளுக்கு என்ன அனுதாபம்? கையிதான ஒடஞ்சிருக்கு."

அவள் போனில் அகராதியைத் திறந்தாள். பங்கு என்று தேடினாள். பாகம், கூறு, பாதி, பக்கம், சந்தையில் வாங்குகிற பங்கு, கோயில் பங்கு என்று ஒரு வண்டி வந்தது. திரையை என் மூக்குக்கு நேரே நீட்டி இதில் எது என்று கேட்டாள்.

"எதுவும் இல்ல. எல்லாந்தான்."

"அம்மா!"

அங்கேதான் சண்டை வந்தது. உன் மொழியில் சொல்லே இல்லை என்று நான் கத்தினேன். உங்களுக்கே தெரியாததை நான் எப்படி எழுதுவது என்று அவள் கத்தினாள். பெரிட்டிடம் கேட்காமல் அவர் பெயரை எழுதியது தப்பு, அது உங்களுக்கு உறைக்கவே இல்லை என்றாள். அது உண்மைதான், அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

இவர் நடுவில் வந்து நின்றார்.

"ஏன் இவ்வளவு பாடு? நான் பிழை விட்டுட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு ரெண்டு வரியில எழுதிப்போட்டு விடுங்கோவன்."

பிறகு அவரே உட்கார்ந்தார். இவர் முகாமைப் பற்றி அதிகம் பேச மாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"எங்களுக்குப் பங்கீடு எண்டா வரிசை. ஆள் நேர நிண்டு கையெழுத்துப் போட்டாத்தான் சாமான். காய்ச்சல் எண்டாலும் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு போய் நிப்பாட்டுவா. உன்ர பேரில வேற ஆள் ஒப்பம் வைக்கக் கூடாது. அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு."

இவருக்கு அந்தச் சொல்லில் வரிசையும் வெயிலும் இருக்கிறது. எனக்கு மணல். இருபது வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அகராதியை மூடச் சொல்லிவிட்டு, ஜெசிக்கு நான் கதையாகச் சொன்னேன். ஐந்து பேர், நான்கு பேர், ஐந்து கூறு, சிப்பி, அம்மாவின் வாய், விளைமீன். அவள் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டாள். இடையில் இரண்டே கேள்வி கேட்டாள்.

"அம்மாச்சி அந்த மாமாக்கு ஒரு நாளும் தாங்க்ஸ் சொல்லேல்லையா?"

"எதுக்குச் சொல்லணும்?"

கொஞ்ச நேரம் கழித்து அடுத்தது. "வராத ஆளுக்கு சிப்பி வைக்க மாட்டன் எண்டு ஆராவது சொன்னா?"

நான் யோசித்துப் பார்த்தேன். அப்படி ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை. "சொன்னா அவன்கூட ஒருத்தனும் வள்ளம் ஏற மாட்டான்" என்றேன்.

அவள் எழுத ஆரம்பித்தாள். வெளியே இருட்டத் தொடங்கிவிட்டது. இங்கே குளிர்காலத்தில் மத்தியானமே இருட்டிவிடும். கடைசியில் எப்படி முடிக்கட்டும் என்று கேட்டாள். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். வேலையை நினைத்தேன்.

"இனிமே இப்படிச் செய்ய மாட்டேன், மன்னிச்சிருங்கன்னு முடிச்சிரு" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். திங்கட்கிழமை காலை அச்சடித்துக்கொண்டு வந்தாள். நான் பூட்ஸை மாட்டிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை.

7

கூட்டத்தில் மூன்று பேர் இருந்தார்கள். மேற்பார்வையாளர் தூமாஸ், அலுவலகத்துப் பெண், என் பக்கத்தில் தொழிற்சங்கப் பெண். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். வீம்புக்கு வேண்டாம் என்றேன். அலுவலகத்துப் பெண் என் கடிதத்தை எடுத்து, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

ஐந்து பேர் போகும் படகு என்று ஆரம்பித்தது. கால் முறிந்த என் அப்பா வந்தார். சிப்பி வந்தது. நான் பெரிட்டின் கையெழுத்தைப் போடவில்லை, அவருடைய மீன் அவருக்குப் போனது என்று அடையாளம் வைத்தேன், இங்கே அப்படி எழுதினால் அது கையெழுத்து ஆகும் என்று நான் யோசித்திருக்க வேண்டும் என்று வந்தது. பெரிட்டைக் கேட்காமல் செய்ததற்கும் அவருக்கு நேர்ந்த தொல்லைக்கும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று வந்தது. நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் நான் சொன்னதுதான், என்னைவிட நன்றாகச் சொல்லியிருக்கிறாள் என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு கடைசிப் பத்தி. அந்தப் பெண் வாசித்தார்:

"மீனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளைக்கு வேறு யாராவது விழுந்தாலும் கொண்டுபோவேன். அதை எந்தத் தாளில், எந்தக் கட்டத்தில், எப்படிக் குறிக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்படியே குறிக்கிறேன்."

நான் தலையை ஆட்டுவதை நிறுத்தினேன். தூமாஸ் கடிதத்தை வாங்கித் தானே ஒரு முறை படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்டெல்லா, இதை உங்கள் மகள் எழுதினார் என்று சொன்னீர்கள். இந்தக் கடைசிப் பத்தியும் நீங்கள் சொன்னதுதானா?"

தொழிற்சங்கப் பெண் மேசைக்குக் கீழே என் முழங்கையைத் தொட்டார். "மொழிச் சிக்கல் ஏதாவது இருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளலாம். அதற்கு இடமிருக்கிறது" என்றார். தப்பிக்க வழி காட்டுகிறார் என்று புரிந்தது. பிள்ளை தப்பாக எழுதிவிட்டாள், அவளுக்குத் தமிழ் சரியாக வராது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதில் பாதி உண்மையும்கூட.

வேலை, வீடு, இவருடைய பயந்த முகம் எல்லாம் கண்முன் வந்துபோயின.

"ஆமாம், நான் சொன்னதுதான்" என்றேன்.

தூமாஸ் கடிதத்தைக் கோப்பில் வைத்தார். கையெழுத்துக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் வரும், ஒரு வருடம் கோப்பில் இருக்கும் என்றார். பெரிட் ஆலைக்கு வரவில்லை என்று அவர்களே எழுதி அனுப்புவதாகச் சொன்னார். மற்றவர் பையை எடுப்பது பற்றி விதி ஒன்று செய்ய வேண்டும், அதுவரை எடுக்காதீர்கள் என்றார். வேலை போகவில்லை. விதி இன்னும் வரவில்லை.

பெரிட் திரும்பி வந்து என் இடது பக்கம் நிற்கிறார். கத்தி, பூனை, காற்று எல்லாம் பேசுகிறோம். அந்த ஐந்து வெள்ளிக்கிழமையைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. ஒரு வேளை பேச வேண்டியது நான்தான். இன்னும் தைரியம் வரவில்லை.

கூட்டம் முடிந்த அன்று வீட்டுக்கு வந்தபோது ஜெசி சாப்பாட்டு மேசையில் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஏன்டி, செய்ய மாட்டேன்னுதான முடிக்கச் சொன்னேன்? நான் சொல்லாதத எதுக்குடி எழுதுன?"

அவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அது நீங்க கடைசியில பயத்தில சொன்னது. அதுக்கு முன்னால மூண்டு மணித்தியாலமா நான் எழுதினதைத்தானே அம்மா சொல்லிக்கொண்டிருந்தீங்க."